ஏழு கிலோவில் ஒரு மாதம்: டிராலியா, பேக்பேக்கா, டஃபிளா?

கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதப் பயணம் போக முடியுமா? இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பெரும்பகுதி அமெரிக்கர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் உள்நாட்டு விமானங்களில் கேபின் பையின் அளவைத்தான் பார்க்கின்றன. எடைக்கு வரம்பு வைக்கவில்லை. அதனால் அவர்களுடைய வாதம் எல்லாம் லிட்டரில் நடக்கிறது. 35 லிட்டர் போதுமா, 45 வேண்டுமா என்று. சென்னையிலோ திருச்சியிலோ எகானமி டிக்கெட்டுடன் விமானம் ஏறுகிறவருக்கு அது உதவாது. இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் ஏசியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் என்று எதை எடுத்தாலும் கேபின் பைக்கு ஏழு கிலோதான். நாற்பது லிட்டர் பையில் இடம் மிச்சம் இருக்கும்போதே ஏழு கிலோ வந்துவிடும்.

ஆகவே பை வாங்கும் முன் பார்க்க வேண்டியது காலிப் பையின் எடை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மூன்று கிலோ டிராலி வாங்கியவர் தன் ஏழு கிலோவில் மூன்றைச் சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பொருள்.

சாமான் கணக்கு

பையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் உள்ளே போவதை எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். ஐந்து கிலோ வரை காட்டும். மிதமான வெயில் உள்ள ஊர்களுக்கு, மூன்று நாளுக்கு ஒருமுறை துவைப்பதாக வைத்துக்கொண்டு, ஓர் ஆணின் மூட்டை கிட்டத்தட்ட இப்படி வரும். உடம்பில் ஒரு பேன்ட், ஒரு சட்டை, ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. அவை கணக்கில் இல்லை.

மெல்லிய சட்டை அல்லது டி-ஷர்ட் மூன்று: 480 கிராம்
சீக்கிரம் உலரும் பேன்ட் ஒன்று: 300
லுங்கி ஒன்று: 280
உள்ளாடை நான்கு: 260
சாக்ஸ் மூன்று ஜோடி: 135
மெல்லிய ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர்: 300
மழைச் சட்டை: 250
ரப்பர் செருப்பு: 280
ஈரிழைத் துண்டு: 150
பல் விளக்க, குளிக்க, சவரம் செய்ய வேண்டியவை: 500
மருந்து: 200
சார்ஜர், வயர்கள், பிளக் அடாப்டர்: 300
பத்தாயிரம் எம்ஏஹெச் பவர் பேங்க்: 220
காகிதங்கள், பேனா, பூட்டு: 150
உள்ளே பிரித்து வைக்கும் துணிப் பைகள்: 150

கூட்டினால் 3,955 கிராம். நான்கு கிலோ என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினியும் அதன் சார்ஜரும் சேர்ந்தால் இன்னும் ஒன்றரைக் கிலோ, ஆக ஐந்தரை. பெண்களுக்கு இரண்டு குர்தி, லெக்கிங்ஸ், துப்பட்டா என்று மாறினாலும் மொத்தம் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கும். குர்தி ஒன்று 200 முதல் 250 கிராம், லெக்கிங்ஸ் 180. பருத்திப் புடவை என்றால் பாவாடை, ரவிக்கையோடு ஒரு செட் முக்கால் கிலோ. ஒன்று வைக்கலாம், இரண்டு கஷ்டம். கனமான ஜரிகையோடு பட்டுப்புடவை வேண்டும், நகைப் பெட்டி வேண்டும், சீர் சாமான் வேண்டும் என்றால் அது கல்யாணப் பயணம். இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் பெரிய பெட்டியை எடுங்கள்.

இந்த நான்கு, ஐந்தரை என்ற இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள பைகளை ஒப்பிடப் போகிறோம்.

சக்கரம் வைத்த டிராலி

பாலிகார்பனேட் ஓடு, நான்கு சக்கரம், இழுக்கும் கம்பி உள்ள கேபின் டிராலி பொதுவாக 2.5 கிலோவிலிருந்து 3.3 கிலோ வரை இருக்கும். துணியால் ஆன இரு சக்கர டிராலி கொஞ்சம் குறைவு, இரண்டிலிருந்து இரண்டரை. மூன்று கிலோ டிராலியில் நம் நான்கு கிலோ மூட்டையை வைத்தால் முள் ஏழில் நிற்கிறது. ஒரு வாழைப்பழம் வாங்கி உள்ளே போட முடியாது. மடிக்கணினியோடு எட்டரை. தனியாக ஒரு சிறு பைக்கு இடம் தரும் விமானமாக இருந்தால் தப்பிக்கலாம். இண்டிகோவில் ஏழு கிலோவுக்கு மேல் மூன்று கிலோ வரை கைப்பையோ லேப்டாப் பையோ தனியாக வைத்துக்கொள்ளலாம். ஏர் ஏசியாவில் இரண்டு பை கொண்டுபோகலாம், ஆனால் இரண்டும் சேர்த்தே ஏழு. அங்கே டிராலிக்காரருக்கு வழியே இல்லை.

இதற்கு மாறாக டிராலியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. முதுகு வலி, கழுத்து எலும்புத் தேய்மானம், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பெரிய விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு அரை மணி நேரம்கூட நடக்க வேண்டிவரும். அங்கே சக்கரம் தெய்வம். சட்டை கசங்காது. அலுவலகக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு அது முக்கியம்.

சிக்கல் ஊருக்குள் நுழைந்ததும் தொடங்கும். ரோம், லிஸ்பன், பிராக் போன்ற நகரங்களின் பழைய தெருக்கள் கல் பாவியவை. நாலா பக்கமும் சுழலும் சிறு சக்கரங்கள் அந்தக் கல் இடுக்குகளில் சிக்கித் திரும்பும், அச்சு வளையும். இரண்டே சக்கரம், ஆனால் பெரிதாகப் பெட்டிக்குள் பாதி புதைந்து இருக்கும் வகை இந்தத் தெருக்களைத் தாங்கும். அதில் இடமும் சற்று அதிகம், ஏனென்றால் வெளியே துருத்தி அளவைத் தின்னும் சக்கரம் அதில் இல்லை. வெனிஸில் ஒவ்வொரு கால்வாய்க்கும் படிக்கட்டுப் பாலம். நம் ஊர் ரயில் நிலைய நடைமேம்பாலம் ஏறிப் பழகியவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறும் இடம் அளவு. கடையில் ‘20 இஞ்ச்’ என்று எழுதியிருப்பது பல நேரம் பெட்டியின் உடலை மட்டும் குறிக்கும். விமான நிறுவனமோ தரையிலிருந்து மேல் கைப்பிடி வரை, சக்கரத்தையும் சேர்த்து அளக்கும். டேப் கொண்டுபோய் நீங்களே அளந்து பாருங்கள். பெட்டிக்குள்ளேயே பேட்டரி பொருத்திய ‘ஸ்மார்ட்’ டிராலியாக இருந்தால் அந்தப் பேட்டரி கழற்றக் கூடியதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்ற முடியாததைப் பல நிறுவனங்கள் 2018 முதல் ஏற்பதில்லை.

முதுகுப் பை

35 முதல் 40 லிட்டர் வரையான பயண பேக்பேக் ஒன்று முதல் 1.6 கிலோ வரை இருக்கும். 1.3 கிலோ என்று எடுத்துக்கொண்டால் மூட்டையோடு 5.3, மடிக்கணினியும் சேர்த்து 6.8. அதாவது எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல் ஏழுக்குள் வருகிறது. வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றுகிறவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் எல்லா முதுகுப் பையும் ஒன்றல்ல. மலையேற்றப் பைகளில் வாய் மேலே இருக்கும். அடியில் உள்ள சாக்ஸுக்காக முழுப் பையையும் கட்டிலில் கொட்ட வேண்டும். பயணத்துக்கு ஏற்றது, சூட்கேஸ் போல மூன்று பக்கமும் ஜிப் திறந்து இரண்டாக விரியும் வகை. மடிக்கணினி அறை முதுகை ஒட்டித் தனியாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் பாதுகாப்புச் சோதனையில் அதை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். கனமான சாமான் முதுகை ஒட்டி நடு உயரத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கத்தில் வைத்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், மாலையில் தோள் கேட்கும்.

இடுப்புப் பட்டை வேண்டுமா என்பதில் எங்கள் கருத்து இது: ஆறு கிலோவுக்கு மேல் சுமந்து, ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் நடப்பீர்கள் என்றால் வேண்டும். பட்டை இடுப்பு எலும்பின் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால் எடையில் பெரும்பகுதி தோளிலிருந்து கீழே இறங்கிவிடும். வயிற்றின் மேல் தொங்கினால் அது வெறும் அலங்காரம். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

இதில் கெட்டுப்போகும் இடம் பையின் கனம், அதாவது தடிமன். அட்டையில் 22 செ.மீ. என்று போட்டிருக்கும் பை, முன் அறையில் நொறுக்குத் தீனியும் குடையும் திணித்ததும் 28 ஆக உப்பிவிடும். பை உள்ளே இறங்குகிறதா என்று விமான நிலையத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக் கூண்டில் நிற்பது அந்த 28தான். பக்கவாட்டு இறுக்குப் பட்டைகள் இருக்கும் பையை வாங்கி, முன் அறையைக் காலியாகவே வையுங்கள். மழைக்கு 100 கிராம் உறை மாட்டுவதைவிட, உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையைப் போட்டு அதற்குள் துணியை வைப்பது மேல். எடையில் பாதிகூட இராது, தோள் பக்கத் தையல் வழியாக இறங்கும் தண்ணீரையும் அது நிறுத்தும், உறை நிறுத்தாது.

டஃபிள்

சக்கரமோ சட்டமோ இல்லாத டஃபிள் பை 600 கிராமிலிருந்து ஒரு கிலோ. மூன்றிலும் லேசானது, மலிவானது, எந்தக் கூண்டிலும் அமுங்கி நுழையும். வாசலில் கார் ஏறி, மறுமுனையில் வாசலிலேயே இறங்குகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்குகிறவர்கள் இந்த வகை. ஆனால் ஆறு கிலோவை ஒற்றைத் தோளில் கால் மணி நேரத்துக்கு மேல் சுமந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஊர் ஊராக மாறும் பயணத்துக்கு வேண்டாம்.

வழியில் எந்த விமானம்?

போய்வரும் பெரிய விமானத்தின் விதியை மட்டும் பார்த்துப் பை வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சங்கிலியில் உள்ள மிகக் கண்டிப்பான நிறுவனத்தின் விதியே உங்கள் விதி.

இந்தியாவிலிருந்து கிளம்பும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 115 செ.மீ. என்பது பொதுவான வரம்பு. ஆனால் அந்த 115ஐ ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பிரிக்கிறார்கள். இண்டிகோ 55×35×25. ஏர் இந்தியா 55×40×20. எமிரேட்ஸ் 55×38×22. கத்தார் ஏர்வேஸ் இன்னும் சிறிது, கூட்டினால் 112தான்: 50×37×25, அதாவது கடைகளில் விற்கும் 55 செ.மீ. டிராலி எழுத்துப்படி பார்த்தால் அங்கே ஐந்து சென்டிமீட்டர் அதிகம். 50×35×20க்குள் அடங்காத கட்டிப் பெட்டி நான்குக்கும் பொருந்தாது. துணிப் பை பொருந்தும், நிரம்பி வழியாமல் இருந்தால்.

ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விமானங்கள் தனி உலகம். ரயன்ஏர் டிக்கெட்டில் இலவசம் 40×30×20 அளவுள்ள, இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டும். 24 லிட்டர் தேறும். ஈஸிஜெட்டில் 45×36×20. மேல் தட்டில் வைக்கும் பைக்கு இரண்டிலும் தனிக் கட்டணம். ரயன்ஏரில் பணம் கட்டினாலும் 55×40×20, பத்து கிலோ. 25 செ.மீ. கனமுள்ள இண்டிகோ அளவு டிராலி அந்த இருபதில் இறங்காது. முன்கூட்டியே இணையத்தில் கட்டாமல் விமான வாயிலில் மாட்டிக்கொண்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். மூன்று நான்கு ஊர்களை ரயிலில் கோத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே தராசோடு யாரும் நிற்பதில்லை.

கொஞ்சம் தாராளமானவர்களும் உண்டு. ஸ்கூட்டில் பத்து கிலோ. ஜப்பானின் ஏஎன்ஏ, ஜேஏஎல் இரண்டிலும் சிறு பை சேர்த்துப் பத்து கிலோ. லுஃப்தான்ஸாவில் எட்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸில் தூக்கி மேலே வைக்க முடிந்தால் 23 கிலோ வரை. இந்த எண்கள் மாறும் தன்மையுள்ளவை. டிக்கெட் எடுக்கும் அன்று அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

துவைப்பதில்தான் எடை குறைகிறது

முப்பது நாளுக்கு நான்கு சட்டை என்றால் துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, உலர வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். துவைப்பது யாருக்கும் வரும்.

சலவை சோப்புக் கட்டியை நான்காக வெட்டி ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பொன்வண்டோ வேறெதுவோ, கட்டியாக இருப்பதால் திரவ விதிக்குள் வராது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் நிற்க அடைப்பான் இல்லாவிட்டால் ஒரு சாக்ஸை உருட்டி ஓட்டையில் வைத்தால் போதும். துவைத்து அலசியதும் முறுக்கிப் பிழிந்து நேரே கொடியில் போடாதீர்கள். ஈரிழைத் துண்டைக் கட்டிலில் விரித்து, அதன் மேல் சட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, சுருளை முறுக்குங்கள். சட்டையில் மிச்சமிருக்கும் ஈரத்தில் நல்ல பங்கைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு ஏசி அறையில் தொங்கவிட்டால் மெல்லிய பாலியெஸ்டர் காலைக்குள் உலர்ந்துவிடும். ஏசி காற்றில் ஈரப்பதம் குறைவு என்பதுதான் காரணம். ஏசி இல்லாத அறை, வெளியே மழை, ஊர் ஹனோயோ பாங்காக்கோ என்றால் மெல்லிய பருத்திகூட மறுநாள் நண்பகல் வரை சவசவ என்று இருக்கும். அந்த ஊர்களில் கையால் துவைத்து மல்லுக்கட்ட வேண்டாம். பாங்காக்கில் காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வியட்நாமில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கித் துவைத்துத் தருவார்கள்.

துண்டு விஷயத்தில் ஒரு கட்சி மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. பயணக் கடைகள் மைக்ரோஃபைபர் துண்டைத்தான் சிபாரிசு செய்யும். நம் கைத்தறி ஈரிழைத் துண்டு எடையில் அதற்குச் சமம், உலர்வதில் சற்றே பின்தங்கும். ஆனால் உடம்பில் வழுக்காது, நாற்றம் பிடிக்காது. தலைக்குக் கட்டலாம், கோயிலில் தோளில் போடலாம், பேருந்தில் தலையணையாகச் சுருட்டலாம். விலை நான்கில் ஒரு பங்கு.

துணிக்கு வருவோம். மெரினோ கம்பளி டி-ஷர்ட் மூன்று நாள் போட்டாலும் வியர்வை நாற்றம் எளிதில் ஏறாது. குளிர்ந்த ஊர்களுக்கும் மலைக்கும் அருமை. ஆனால் விலை அதிகம், மெல்லிய வகையில் சீக்கிரம் ஓட்டை விழும், அடித்துத் துவைக்கக் கூடாது. பாலியெஸ்டர் வேகமாக உலரும், ஒரே நாளில் நாறும். தினமும் அலசத் தயார் என்றால் அதுவே சிக்கனம். ரேயான் வேண்டாம், நனைந்தால் கனத்துத் தொங்கும். ஜீன்ஸ் ஒன்று 600 முதல் 800 கிராம், உலர ஒரு நாளுக்கு மேல். போட்டுக்கொண்டு போங்கள் அல்லது வீட்டில் விடுங்கள், பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

காற்றை உறிஞ்சித் துணியைத் தட்டையாக்கும் வேக்குவம் பைகள் இடத்தைத்தான் குறைக்கும், எடையை ஒரு கிராம்கூடக் குறைக்காது. மிச்சமான இடத்தைப் பார்த்ததும் இன்னொரு சட்டை உள்ளே போகும், தராசில் மாட்டுவீர்கள். ஏழு கிலோக்காரருக்கு அது பொறி. துணியைச் சுருட்டுவதா மடிப்பதா என்ற சண்டையும் அவ்வளவே; பனியன் வகையைச் சுருட்டுங்கள், காலர் சட்டையை மடியுங்கள்.

திரவம், பொடி, ஊறுகாய்

சர்வதேச விமானங்களில் திரவமும் களிம்பும் 100 மில்லிக்கு மேற்படாத குப்பிகளில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே தெளிவான பையில் இருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபட்டதிலிருந்து வந்த வழக்கம் இது. புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்ந்திருக்கிறது. திரும்பி வரும் நிலையத்தில் தளர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. குப்பியில் பாதிதான் இருக்கிறது என்ற வாதம் செல்லாது. 150 மில்லி என்று அச்சிட்ட பற்பசைக் குழாயில் கடைசிச் சொட்டு இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குப் போகும். தேங்காய் எண்ணெய் டிசம்பரில் உறைந்து கட்டியாக இருந்தாலும் கணக்கு திரவம்தான்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பாக்கெட் ஷாம்பு. கடலூர் சின்னிகிருஷ்ணன் வழிகாட்டி, அவர் குடும்பத்தார் ஊரெங்கும் பரப்பிய அந்தச் சின்ன உறை, கேபின் பைக்காகவே பிறந்தது போல இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் ஆறு ஏழு மில்லி. பன்னிரண்டு பாக்கெட் எடுத்தால் எண்பது மில்லி சுமார். போகப்போகக் காலியாகும், குப்பி சுமக்க வேண்டாம். மேலை நாட்டுப் பயணிகள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் சிலிக்கோன் குப்பிகள் நமக்கு அவசியமே இல்லை.

இட்லிப் பொடி, பருப்புப் பொடி இல்லாமல் கிளம்பாதவர்களுக்கு: அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடிக்கு 2018 ஜூன் முதல் தனிச் சோதனை. சிறு பொட்டலமாக வையுங்கள். தனி மிளகாய்த் தூளும் ஊறுகாயும் இந்திய விமான நிலையச் சோதனையிலேயே பிடிபட்டு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். கேபின் பையில் வேண்டாம். கசகசா கலந்த மசாலா ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ சிங்கப்பூருக்கோ எந்தப் பையிலும் போகக் கூடாது. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள்.

பவர் பேங்க், வாயிலில் பறிபோகும் பை

பவர் பேங்க் கேபினில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. வரம்பு வாட்-அவரில் 100. எம்ஏஹெச் எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வரும். 10,000க்கு 37, 20,000க்கு 74, 27,000க்கு 99.9. முப்பதாயிரம் என்றால் 111, நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். மேலே அச்சிட்ட எண் தேய்ந்து அழிந்திருந்தால் சோதனையில் வாதம் செய்ய உங்களிடம் ஒன்றும் இராது. 2025இல் விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடத் தடை விதித்தது. சீன உள்நாட்டு விமானங்களில் ஜூன் 28 முதல் 3சி என்ற சீனக் கட்டாயத் தரச் சான்று முத்திரை இல்லாதது ஏறாது. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று, பயன்படுத்தவும் கூடாது என்றது. பத்தாயிரம் எம்ஏஹெச் ஒன்றே போதும். இருபதாயிரத்தோடு ஒப்பிட்டால் எடையும் ஏறக்குறைய பாதி.

விமானம் நிரம்பினால் வாயிலில் நின்று சில பைகளை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். எல்லா விதியையும் மதித்தவருக்கும் இது நடக்கும். முதலில் குறிவைக்கப்படுவது டிராலி. அந்த நேரத்தில் பையைத் தரையில் பரப்பித் தேடக் கூடாது. பவர் பேங்க், மருந்து, மடிக்கணினி, கடவுச்சீட்டு, ஒரு மாற்று உள்ளாடை ஐந்தையும் கையில் எடுக்க ஏதுவாக, மேலாக ஒரு மஞ்சப்பையில் வைத்திருங்கள். ஒரே இழுப்பில் வெளியே வரும்.

செக்-இன் செய்தால்தான் என்ன?

இந்தியாவிலிருந்து போகும் பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் 25, 30 கிலோ செக்-இன் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது. கட்டணத்தில் மிச்சம் இல்லாதபோது எதற்கு இத்தனை நெரிசல்? நியாயமான கேள்வி. குழந்தையோடு போகிறவர், கடும் குளிர்காலத்தில் போகிறவர், ஒரே ஊரில் மாதம் முழுக்கத் தங்குகிறவர் தாராளமாகச் செக்-இன் செய்யலாம். ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்கும், தனித்தனி டிக்கெட்டில் விமானம் மாறுகிறவருக்கும்தான் வித்தியாசம் பெரிது. இரண்டு மணி நேர இடைவெளியில் பெட்டி வரும் வளையத்தின் முன் நின்று, மீண்டும் கவுன்டர் வரிசையில் நின்று, அடுத்த விமானத்தைப் பிடிப்பது சூதாட்டம்.

பெட்டி வராமல் போனால், சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 21 நாளுக்குப் பிறகுதான் அது தொலைந்ததாகக் கணக்கு. உங்கள் ஒரு மாதப் பயணத்தில் முக்கால்வாசி அதற்குள் முடிந்திருக்கும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சேதமென்றால் பெட்டி கையில் கிடைத்த ஏழு நாளுக்குள், தாமதமென்றால் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது.

எதை எடுப்பது?

மடிக்கணினியோடு பல ஊர் என்றால் 1.3 கிலோவுக்கு மேற்படாத, முழுக்க விரியும் பேக்பேக். மடிக்கணினி இல்லை, முதுகு ஒத்துழைக்காது என்றால் இரண்டு கிலோ அளவில் இரு சக்கரத் துணி டிராலி. நான்கு சக்கரக் கட்டிப் பெட்டியை விமான நிலையம், டாக்ஸி, ஹோட்டல் என்று மட்டும் போகிறவர் எடுக்கட்டும். வாசலிலிருந்து வாசலுக்கு என்றால் டஃபிள். ஐரோப்பாவில் மலிவு விமானம் இரண்டுக்கு மேல் இருந்தால் பை எதுவாக இருந்தாலும் கனம் இருபது சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

திரும்பும் பயணத்துக்கு வேறு கணக்கு. போகும்போது கேபின் பை, வரும்போது செக்-இன் என்பதுதான் பலருக்கும் ஒத்துவரும். நூறு கிராம் எடையில் உள்ளங்கைக்குள் மடங்கும் நைலான் பை ஒன்றை அடியில் போட்டுக்கொண்டு போங்கள். ஊர் திரும்பும் நாளில் அழுக்குத் துணியோடு பெரிய பையைச் செக்-இன்னில் விட்டுவிட்டு, வாங்கிய சாமானையும் மஞ்சப்பையையும் நைலான் பையில் வைத்துக் கையோடு கொண்டுவரலாம். அழுக்குத் துணி இரண்டு நாள் தாமதமாக வந்தால் குடி முழுகிவிடாது. வீட்டுச் சாவியை மட்டும் மறக்காமல் எடுத்து உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.